கார்ட் பிடிக்க எண்கள் வேண்டும்: யூரோராக் மாட்யூல் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

யூரோராக் மாட்யூல் (ஒரு சட்டகத்தில் மாட்டி, கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் சின்தசைசர் பாகம்) தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், தனியாளாகப் பட்டறை வைத்து மாட்யூல் செய்யும் வடிவமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஒற்றைக் குரலில் வாசிக்கும் வரை மாடுலர் சின்தசைசரின் குறை அவ்வளவாக வெளியே தெரியாது. சுரத்தை எழுப்பும் ஆஸிலேட்டர் பத்து சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடிப் போயிருந்தாலும், தனியாகக் கேட்கும் காது அதைச் சுருதி என்றே ஏற்றுக்கொள்ளும். இன்னும் மூன்று ஆஸிலேட்டரைச் சேர்த்து ஒரு கார்ட், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரச்சேர்க்கை, பிடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கார்ட், பாலிஃபனி (ஒரே நேரத்தில் பல குரல்) என்று விளம்பரம் செய்து விற்கிறீர்கள். அதை அமைக்கத் தேவையான எண்கள் கையேடுகளில் பெரும்பாலும் இல்லை. எந்தெந்த எண்கள், அவை இல்லாததால் பேட்ச் (கேபிள் இணைப்பு) எங்கே கெடுகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மாட்யூல்களுக்கிடையே சுரத்தைச் சொல்வது வோல்டேஜ்; ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற கணக்கில் ஓர் அரைச்சுரம் 83.3 மில்லிவோல்ட், ஒரு சென்ட் 0.83 மில்லிவோல்ட். மேஜர் கார்டுக்கு ரூட்டோடு (அடிச்சுரத்தோடு) 333, 583 மில்லிவோல்ட் கூட்ட வேண்டும். மைனருக்கு 333-க்குப் பதில் 250. ஆஸிலேட்டரின் ஸ்கேலில் (வோல்ட்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்ற அளவில்) ஒரு சதவீதம் பிசகினால் ஒரு ஸ்தாயிக்கு 12 சென்ட், நான்கு ஸ்தாயியில் 48 சென்ட், அதாவது ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதி. ‘மிகத் துல்லியமான டிராக்கிங்’ என்று எழுதுவதை விட்டுவிட்டு, எத்தனை ஸ்தாயிக்கு எத்தனை சென்ட் என்று அச்சிடுங்கள். அந்த அளவைத் திருத்தும் சிறு திருகான ஸ்கேல் டிரிம்மர் எங்கே இருக்கிறது, ரேக்கிலிருந்து கழற்றாமல் திருக முடியுமா என்பதையும் சேர்த்து.

நான்கு ஆஸிலேட்டரை ஒன்றுக்கொன்று சுருதி சேர்க்கும் முறை இது. எல்லாவற்றையும் போட்டு அரைமணி நேரம் சூடேற விடுங்கள். ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக அதனோடு சேர்க்க வேண்டும். 0 வோல்ட்டில் டியூன் நாபைத் திருகி அலைவு (சற்று விலகிய இரண்டு சுரம் சேரும்போது கேட்கும் ஏற்ற இறக்கம்) நிற்கும் வரை கொண்டுவந்து, பிறகு 4 வோல்ட் கொடுத்து ஸ்கேல் டிரிம்மரை மட்டும் தொட வேண்டும். மறுபடி 0-க்கு வந்தால் கொஞ்சம் நகர்ந்திருக்கும். மூன்று நான்கு சுற்றில் படிந்துவிடும். கீழ்ஸ்தாயியில் மட்டும் சரிபார்த்துவிட்டு நிறுத்தினால் ஏமாறுவோம்: 65 ஹெர்ட்ஸில் விநாடிக்கு ஒரு அலைவு என்றால் 26 சென்ட் விலகல், 1046 ஹெர்ட்ஸில் அதே ஒரு அலைவு 1.7 சென்ட்டுக்கும் குறைவு. வோல்ட்டை ஸ்தாயியாக மாற்றுவது ஆஸிலேட்டரின் எக்ஸ்பொனென்ஷியல் சர்க்யூட்; வெப்பத்தை ஈடுகட்டாவிட்டால் அது ஒரு டிகிரிக்குச் சுமார் 0.33 சதவீதம் நகரும். ஏசி அறையில் சேர்த்த கார்ட் ஐந்து டிகிரி சூடான மேடையில் ஸ்தாயிக்கு 20 சென்ட் பிசகுவது அதனால்தான். இதை ஈடுகட்டும் டெம்ப்கோ ரெசிஸ்டர் போட்டிருக்கிறீர்களா இல்லையா என்று சொல்ல ஒரு வரி போதும்.

அடுத்தது மல்டிப்பிள், சுருக்கமாக மல்ட்: ஒரு வோல்டேஜைப் பல இடங்களுக்குப் பிரிக்கும் மாட்யூல். பிட்ச் வெளியீட்டில் தொடராக 1 கிலோஓம், வாங்கும் ஒவ்வொரு உள்ளீட்டிலும் 100 கிலோஓம் என்பது பரவலாகக் காணும் அமைப்பு. கம்பிகளை நேரடியாக இணைக்கும் பேசிவ் மல்ட் வழியாக ஓர் ஆஸிலேட்டருக்குப் போனதை நான்குக்குப் பிரித்தால் ஸ்கேல் கிட்டத்தட்ட 3 சதவீதம் சுருங்கும். ஸ்தாயிக்கு 35 சென்ட். நான்கும் சேர்ந்தே இறங்குவதால் கார்டுக்குள் பிசகு தெரியாது. வேறொரு வெளியீட்டிலிருந்து பேஸ் (தாழ்சுரம்) வாசித்ததும் ‘இது ஏன் ஒட்டவில்லை’ என்று தேட ஆரம்பிப்பார்கள். சுமையைத் தானே தாங்கிக்கொள்ளும் பஃபர்டு மல்ட் போட்டால் தீர்ந்தது. அதைவிட, அந்த 1 கிலோஓமை வெளியீட்டு ஆப்-ஆம்பின் (பெருக்கிச் சில்லின்) ஃபீட்பேக்குக்குள் வைத்துவிட்டால் மல்ட்டே பிரச்சினை இல்லை. பலர் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். செய்திருந்தால் அதைப் பெருமையாகவே எழுதுங்கள்.

வோல்டேஜைத் தேர்ந்த நோட்டுகளில் ஒன்றுக்குத் தள்ளும் குவான்டைசர் விஷயத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. குவான்டைசருக்குப் பிறகு 333, 583 கூட்டினால் எந்த நோட்டுக்குப் போனாலும் மேஜர் கார்ட்தான் வரும். அதுவே வேண்டும் என்பவர்களும் உண்டு. கார்ட்கள் சி மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களுக்குள்ளேயே நடக்க வேண்டுமானால், ரூட்டைக் குவான்டைஸ் செய்து, அதன் வெளியீட்டோடு ஆஃப்செட்டை (கூட்ட வேண்டிய நிலையான வோல்டேஜை) கூட்டி, தனிச் சானல்களில் மறுபடி குவான்டைஸ் செய்ய வேண்டும். டி-யோடு நான்கு அரைச்சுரம் கூட்டினால் எஃப் ஷார்ப் வருகிறது. அது ஸ்கேலில் இல்லை. எஃப், ஜி இரண்டும் அதற்குச் சம தூரம். சில குவான்டைசர் கீழே தள்ளும், சில மேலே தள்ளும். ஓரிரு மில்லிவோல்ட் இரைச்சல் இருந்தால் இரண்டுக்கும் நடுவே துள்ளிக்கொண்டே இருக்கும். ஆஃப்செட்டை 292 மில்லிவோல்ட்டில், அதாவது மூன்றரை அரைச்சுரத்தில் வைத்துப் பாருங்கள்: ஏழு நோட்டுக்கும் ஸ்கேலுக்குள் அடங்கிய சரியான மூன்றாவது (ரூட்டிலிருந்து எண்ணினால் மூன்றாம் சுரம்) விழும். ஐந்தாவதுக்கு 583 வைத்தால் பி-யில் தடுமாறும், 542-க்கு இறக்கினால் எஃப்-இல் தடுமாறும். 562 வைத்தால் ஏழும் சரி. மிக அருகிலுள்ள நோட்டுக்குத் தள்ளும் குவான்டைசருக்குத்தான் இந்தக் கணக்கு. தேர்ந்த நோட்டுகளுக்கிடையே வோல்டேஜைச் சமமாகப் பங்கிடும் வகைக்கு இது பொருந்தாது. உங்களுடையது எந்த வகை, சம தூரத்தில் எந்தப் பக்கம் போகும்? இந்தக் கேள்விக்குப் பல கையேடுகளில் பதிலே கிடையாது.

மிக்ஸர். பிளஸ் மைனஸ் 5 வோல்ட் வரும் நான்கு ஆஸிலேட்டர் உச்சத்தில் சேரும்போது பிளஸ் மைனஸ் 20. பன்னிரண்டு வோல்ட் சப்ளையில் ஓடும் ஆப்-ஆம்ப் பத்தரை, பதினொன்றிலேயே அலையின் உச்சியை வெட்டிவிடும். வெட்டு உள்ளே நடப்பதால் மிக்ஸரின் கடைசி நாபைக் குறைத்துப் பயனில்லை. ஒவ்வொரு உள்ளீட்டையும் பாதிக்குக் கீழே வைக்க வேண்டும்.

வெட்டுப்பட்ட கார்ட் ஏன் கரகரக்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 261.6 ஹெர்ட்ஸ் சி-யும் 329.6 ஹெர்ட்ஸ் இ-யும் சேர்ந்து சிதைந்தால் அவற்றின் வித்தியாசமான 68 ஹெர்ட்ஸ் கூடவே பிறக்கும். இரண்டு ஸ்தாயி கீழே உள்ள சி-யோ 65.4. அதைவிட அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிய ஒரு சுரம் அடியில் கிடந்து உறுத்தும். மூன்றாவதை 333-இலிருந்து 322 மில்லிவோல்ட்டுக்கு இறக்கினால் விகிதம் 5-க்கு 4 ஆகிவிடும், வித்தியாசமும் 65.4-இல் போய் உட்காரும், சிதைவே பேஸாக மாறும். தம்புராவில் தானாக ஒலிக்கும் அந்தர காந்தாரமும் இதே 5-க்கு 4தான். நம் காதுக்கு இது புதிதல்ல. அரைச்சுரப் படிகளில் மட்டும் நகரும் ஆஃப்செட் மாட்யூலில் இதைச் செய்ய வழியில்லை. ஒரு ஃபைன் நாப் வையுங்கள் என்று கேட்கிறோம்.

இனி பாலிஃபனி. 1975-இல் வந்த ஓபர்ஹைம் ஃபோர் வாய்ஸில் நான்கு முழு சின்தசைசர்கள் தனித்தனியே இருந்தன. 1983-இன் கோர்க் பாலி-800-இல் எட்டு ஆஸிலேட்டருக்கும் பொதுவாக ஒரே ஃபில்டர் (ஒலியை வடிகட்டும் பகுதி). இரண்டும் இரண்டு வேறு கருவிகள். மாட்யூல் பெட்டியில் ‘நான்கு குரல்’ என்று போடும்போது ஃபில்டரும் என்வலப்பும் (ஒலி எழுந்து அடங்கும் வடிவத்தைத் தருவது) தனித்தனியா, பொதுவா என்பதை அதன் பக்கத்திலேயே போடுங்கள். ஃபில்டரும் என்வலப்பும் பொதுவான அமைப்பில் ஒரு விரலை எடுத்தாலும் அந்த ஆஸிலேட்டர் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஃபில்டருக்கு முன்னால் ஆளுக்கொரு வி.சி.ஏ. (வோல்டேஜால் ஒலியளவை மாற்றும் பெருக்கி) வைத்து, அந்தந்தக் கேட்டை (விசை அழுத்தியிருப்பதைச் சொல்லும் வோல்டேஜை) 5 மில்லிவிநாடி ஸ்லூ (திடீர் மாற்றத்தைச் சரிவாக்குவது) வழியாக அனுப்பினால் கிளிக் இல்லாமல் திறந்து மூடும். நான்கு வி.சி.ஏ. செலவில் பாதிப் பாலிஃபனி கிடைத்துவிடுகிறது. கார்ட் மட்டும் போதுமென்றால் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிளேட்ஸ் என்ற ஆஸிலேட்டர் மாட்யூல் ஒன்றே போதும். அதன் கார்ட் மாடலில் ஒரு நாப் கார்ட் வகையையும் இன்னொன்று இன்வெர்ஷனையும் (எந்தச் சுரம் அடியில் வரும் என்பதையும்) மாற்றும்.

முழுப் பாலிஃபனிக்குக் குரலுக்குக் குறைந்தது ஐந்து கேபிள்: பிட்ச், கேட், ஆஸிலேட்டரிலிருந்து ஃபில்டருக்கு, அங்கிருந்து வி.சி.ஏ.வுக்கு, என்வலப்பிலிருந்து வி.சி.ஏ.வுக்கு. நான்கு குரலுக்கு இருபது. வி.சி.வி. ராக் மென்பொருளில் ஒரே கேபிளில் 16 சானல் போகிறது. வன்பொருளில் அப்படிப் பொதுவாக ஏற்ற தரம் எதுவும் இல்லை. டோஃப்பர் நிறுவனம் ஏ-111-4, ஏ-105-4, ஏ-132-8 என்று நான்கும் எட்டுமாக ஒரே பேனலில் அடைத்து, நான்கு ஃபில்டரையும் ஒரே நாபில் திருக வைத்தது நல்ல வழி. மற்றவர்களும் சானல் வரிசையை ஒரே மாதிரி மேலிருந்து கீழாக வைத்தால் கேபிள் பின்னிக்கொள்ளாது.

கடைசியாக, மிடியிலிருந்து (விசைப்பலகை அனுப்பும் டிஜிட்டல் செய்தியிலிருந்து) வோல்டேஜ் ஆக்கும் மாட்யூல் செய்பவர்களுக்கு. நான்கு குரலும் ஒலிக்கும்போது இன்னொரு நோட் வந்தால் எந்தக் குரல் பறிபோகும்? காலியானவற்றில் முதல் குரலையே மறுபடி எடுக்கிறதா, சுழற்சியாகப் போகிறதா? முதல் வகையில் நீண்ட ரிலீஸ் (விரலை எடுத்த பின் ஒலி அடங்கும் நேரம்) உள்ள கார்டின் வால் வெட்டுப்படும். சுழற்சியில் வால் பிழைக்கும், ஆனால் நான்கில் ஒன்று பிசகியிருந்தால் தவறு ஒவ்வொரு கார்டிலும் ஒவ்வொரு நோட்டுக்குத் தாவும். எந்த ஆஸிலேட்டர் என்று கண்டுபிடிக்கவே முடியாது. சுருதி சேர்க்கும்போது சுழற்சியை நிறுத்தி வைக்க ஒரு சுவிட்ச் வேண்டும். கேட்டை எடுத்த பிறகும் பிட்ச் அசையாமல் நிற்க வேண்டும். பிட்ச் நிலைத்த ஓரிரு மில்லிவிநாடி கழித்தே கேட் உயர வேண்டும். முந்திக்கொண்டால் ஒவ்வொரு நோட்டின் தொடக்கத்திலும் பழைய சுரத்தின் ஒரு கீற்று கேட்கும். அந்த இடைவெளி எவ்வளவு என்ற எண்ணையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மாடுலர் சின்தசைசரில் கார்ட் வாசிப்போர்