எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

அப்பாவை நல்லபடியாக வழியனுப்பிவிட்டோம். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

பக்கத்தில் மருத்துவர் இல்லாத நேரத்தில் வீட்டிலேயே உயிர் பிரிந்தால், தகன அனுமதி லேசில் கிடைத்துவிடாது. இறப்புக்கு இதுதான் காரணம் என்று ஒரு மருத்துவர் எழுதித் தர வேண்டும். அவரால் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் விசாரணை, பிரேதப் பரிசோதனை என்று நீளும். அனுமதி தரும் அலுவலகத்தில், கடைசியாகப் பார்த்தது யார், கீழே விழுந்தாரா, என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்கக் கேட்க, எங்களையே கூண்டில் ஏற்றியதுபோல இருந்தது. தம்பி பொறுக்க முடியாமல் குரலை உயர்த்திவிட்டான்.

அப்போதுதான் அனுமதி எழுதும் அந்த அம்மா தன் இடத்தைவிட்டு எழுந்து வந்து, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "புதைத்தால் பின்னால் ஒரு சந்தேகம் வந்தாலும் தோண்டிப் பார்க்கலாம்மா. எரித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் யார் வந்தாலும் இத்தனை கேட்கிறோம்" என்றார். தம்பி அடங்கிவிட்டான்.

அப்புறம் அப்பாவின் உடம்பில் பேஸ்மேக்கர், அதாவது இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி, இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். இருந்தது. எரியும் சூட்டில் அது வெடித்துவிடுமாம், எடுத்த பிறகுதான் தகனம். அதற்கு ஏற்பாடு செய்ய அவரே மருத்துவமனைக்குப் போன் போட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் அம்மா எங்கள் பக்கம் வர, சட்டென்று படிவத்தைக் கவிழ்த்துவைத்தார். போனை வைத்துவிட்டு, "சார் என்ன வேலை பார்த்தாங்கம்மா?" என்றார். அந்தக் கேள்வியும் படிவத்தில் இருப்பதுதான். ஆனால் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். அதுவரை வாயே திறக்காமல் இருந்த அம்மா, அப்பாவின் முதல் வேலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவர் முழுவதையும் கேட்டார். ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அம்மா அழுதது அங்கேதான். அந்த அழுகை வராமல் நாங்கள் எவ்வளவு பயந்திருந்தோம்!

அனுமதி எழுதித் தந்த அம்மா, உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் வீடே உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடி எடுத்துத் தந்த சித்தி, நகல் எடுக்க ஓடிய பிள்ளைகள், வண்டியோடு காத்திருந்த நண்பர்கள், இரவெல்லாம் கூடவே இருந்த அக்கம்பக்கத்தார், எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

இனி நம்மில் யார் வீட்டில் இப்படி ஒன்று நேர்ந்தாலும் அந்த அலுவலகத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். நான் வருகிறேன். நடுராத்திரி என்றாலும் கூப்பிடுங்கள்.