சேர்த்தவர் தந்தை, தொலைத்தவர் மகனா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் ஜப்பான் வரலாற்றுக் கட்டுரையில், பதினாறாம் நூற்றாண்டின் டகேடா குலத் தலைவர்களைப் பற்றி, ‘தந்தை டகேடா ஷிங்கென் சேர்த்ததையெல்லாம் மகன் கட்சுயோரி ஒரே போரில் தொலைத்துவிட்டான்’ என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு சுலபமாகக் கணக்கை முடித்துவிட்டீர்கள்!

நாகாஷினோ போரில் 1575இல் எதிரித் தலைவர் நொபுனாகாவின் துப்பாக்கிகளுக்கு முன் கட்சுயோரி தோற்றார், உண்மைதான். பிறகும் ஏழு ஆண்டுகள் அந்தக் குலத்தைத் தாங்கிப் பிடித்தது யாராம்? தந்தை கைப்பற்றாத டகாதென்ஜின் கோட்டையை 1574இல் பிடித்தவரும் இதே மகன்தான். தங்களுக்குத் தெரியாததா?

பெற்ற தந்தையையே 1541இல் நாட்டைவிட்டுத் துரத்தியவர் ஷிங்கென். மூத்த மகன் யோஷினொபுவைச் சதிக் குற்றம் சாட்டிக் கோயிலில் அடைத்தார். அடைபட்ட யோஷினொபு 1567இல் இறந்தார். மறு ஆண்டே, அந்த மகனுக்குப் பெண் கொடுத்த இமகாவா குடும்பத்தின் சுருகா நாட்டின் மீது படையெடுப்பு. நொபுனாகாவும் அவர் கூட்டாளி இயெயாசுவும் எதிரே நிற்க, 1573இல் ஷிங்கென் கண்ணை மூடிவிட்டார். மகனுக்கு வந்தது இந்தச் சொத்து.

என் தந்தை மளிகைக் கடையை விட்டுப்போனபோது ஊரெல்லாம் அவர் புகழ், பேரேடெல்லாம் கடன். கல்லாவில் நான் உட்கார்ந்த பிறகு கடன்காரர்கள் வந்தார்கள். ‘அப்பா காலத்தில் இப்படியா இருந்தது?’ என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஆகவே இந்த நியாயம் எனக்குப் பழக்கமானது.

கட்சுயோரியும் தவறு செய்தவர்தான். அண்டை உஎசுகி குலத்தின் வாரிசுச் சண்டையில், கூட்டாளியாக இருந்த ஹோஜோ குடும்பத்தைப் பகைத்துக்கொண்டது அவர் வினை. ஆனால் 1582இல் எதிரியின் பக்கம் சாய்ந்த கிசோவும் அனயாமாவும் யார்? ஷிங்கென் தேடிப்பிடித்த மருமகன்கள்! கடைசியில் டானோ என்ற இடத்தில் கட்சுயோரியோடு இறந்தது ஹோஜோ வீட்டிலிருந்து வந்த இளம் மனைவி. பிறந்த வீட்டுக்குப் போகச் சொல்லியும் மறுத்துவிட்டாராம். அவர்களுக்கு அங்கே கோயில் எழுப்பச் செய்தவர் எதிரியான இயெயாசு. எதிரிக்கு இருந்த மரியாதை தங்கள் இதழுக்கு இல்லை.

தங்கள் வரலாற்றுப் பக்கத்தில் தோற்றவர்களுக்கு என்றுமே இடமில்லை. நொபுனாகா, ஹிதேயோஷி, இயெயாசு என்று அதே மூவர், அதே குதிரைப் படம். இதைப்பற்றி முன்பு எழுதிய கடிதத்தையும் பாதியாக வெட்டி, குறுக்கெழுத்துப் போட்டிக்கு அடியில் போட்டீர்கள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. டகாதென்ஜின் வெற்றியைப் பற்றி அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டுவதானால் என் கடையைப் பற்றிய பகுதியை வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நீண்டநாள் சந்தாதாரர்