அம்மாவின் உடம்பைக் கழற்றிப் போட்ட சட்டை என்று சொல்லாதீர்கள், ஐயா

எங்கள் திருமண்டலத்துக் குருவானவர்களுக்கும், அடக்க ஆராதனை நடத்துகிற உபதேசியார்களுக்கும், சேகரக் கமிட்டிப் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன பிப்ரவரியில் என் அம்மாவை அடக்கம் பண்ணினோம். வாசலில் பந்தல் போட்டு, பெட்டியைத் திறந்து வைத்து, ஊரே உட்கார்ந்திருந்தபோது எங்கள் குருவானவர் பத்து நிமிடம் பேசினார். நல்ல மனிதர்தான். அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் மாதம் தவறாமல் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுத்தவர், அதை நான் மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் பெட்டியைக் கையால் காட்டி, "இது வெறும் கூடு. அம்மா இதில் இல்லை. பழைய சட்டையைக் கழற்றிப் போடுகிற மாதிரி சரீரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பரலோகம் போய்விட்டார்கள். கழற்றிப் போட்ட சட்டைக்காக யாராவது அழுவார்களா?" என்று கேட்டார்.

அந்த உடம்பை நான்கு வருஷம் பார்த்துக்கொண்டவள் நான், ஐயா.

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவின் இடது கை இறுக மூடியே இருந்தது. அப்படியே விட்டால் நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகிவிடும். தினமும் காலையில் வெந்நீரில் கையை நனைத்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மெதுவாகப் பிரித்து, உள்ளங்கையைத் துடைத்து, பவுடர் போட்டு, பழைய வேட்டித் துணியைச் சுருட்டி உள்ளே வைப்பேன். அவசரப்பட்டால் விரல் இன்னும் இறுகும். பொறுமையாக இருந்தால் கட்டைவிரல் தானாகவே கொஞ்சம் தளரும், அப்போது அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். பேச்சு போய்விட்டதால் அந்த நான்கு வருஷமும் எங்களுக்குள் நடந்த பேச்சு அந்தக் கை வழியாகத்தான் நடந்தது. முதுகில் புண் வரக்கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்ததும் அதே உடம்பைத்தான். இறந்த அன்றைக்கு நானும் அத்தையும் குளிப்பாட்டும்போது முதல்முறையாக அந்தக் கை எந்தத் தடையும் இல்லாமல் விரிந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்தான் சட்டை என்று சொன்னார்கள்.

துக்கத்தில் ஏதோ ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை என்று விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் ஈஸ்டர் வந்தது. உயிர்த்தெழுதல் பிரசங்கம் முழுக்க, விழுந்த வியாபாரம் எழும்பும், நின்றுபோன கல்யாணம் எழும்பும், கடனில் அமிழ்ந்த குடும்பம் எழும்பும் என்றே போனது. செத்தவர்கள் எழும்புவார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆராதனை முடிந்து வாசலில் நின்று கேட்டேன். "அதெல்லாம் விளக்கப் போனால் ஜனங்களுக்குக் குழப்பமாகும்மா" என்றார். அதனால்தான் இந்த மடல். ஒருவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கடந்த பத்து வருஷத்தில் நான் போன அடக்கங்களில் பெரும்பாலும் இதே கூடு, இதே பறவை, இதே சட்டைதான்.

நான் கேட்பது ஒன்றுதான். விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று நம் எல்லோரையும் சொல்ல வைக்கிறீர்களே, அதைக் கல்லறையண்டையிலும் சொல்லுங்கள்.

உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. இறையியல் கல்லூரியில் நீங்கள் படித்துவிட்டு வந்ததுதான். நான் அம்மா பக்கத்தில் தூக்கமில்லாமல் கிடந்த இரவுகளில் படித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். கொரிந்து சபையில் சிலர் மரித்தோரின் உயிர்த்தெழுதல் இல்லை என்று சொன்னபோது, கி.பி. 55 வாக்கில் எபேசுவிலிருந்து பவுல் எழுதிய பதிலை, கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் 15-ம் அதிகாரத்தைப் பாருங்கள். இயேசு எழுந்ததையும் நாம் எழும்புவதையும் அவர் பிரிக்கவே விடவில்லை. மரித்தோர் எழும்புவதில்லை என்றால் கிறிஸ்துவும் எழுந்திருக்கவில்லை என்கிறார். அவரை முதற்பலன் என்கிறார். வயலில் முதல் கதிரை அறுத்து ஆலயத்துக்குக் கொண்டுவருகிறோம் என்றால் மீதி வயலும் விளைந்து நிற்கிறது என்றுதானே அர்த்தம்? விதையைப் பற்றிச் சொல்கிற இடத்தில் கவனியுங்கள். மண்ணுக்குள் போன விதையை விட்டுவிட்டு ஏதோ ஒன்று பறந்துபோனதாக அவர் எழுதவில்லை. விதைக்கப்பட்டதுதான் முளைக்கிறது. "அழிவுள்ளதாகிய இது" அழியாமையைத் தரித்துக்கொள்ள வேண்டும் என்கிறார். 'இது' என்று விரல் நீட்டிக் காட்டுகிற மாதிரி எழுதியிருக்கிறார், ஐயா. உங்கள் விரலும் அதே இடத்தைத்தான் காட்டியது.

'ஆவிக்குரிய சரீரம்' என்று வருகிறதே என்று சிலர் சொல்வார்கள். காற்றால் ஆன உடம்பு என்று அதற்குப் பொருள் இல்லை. பரிசுத்த ஆவியால் உயிர் பெற்று இயங்குகிற உடம்பு அது. சட்டை உவமைக்கும் பவுலிடமே பதில் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 5-ம் அதிகாரத்தில், களைந்துபோட வேண்டும் என்பது நம் விருப்பமல்ல, மேலே தரித்துக்கொள்ள வேண்டும் என்பதே விருப்பம் என்கிறார். அடக்கத்தில் சொல்லப்பட்டது இதற்கு நேர் எதிர்.

மரித்தவர்கள் கர்த்தரோடு இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' என்று சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குக் கிடைத்த வாக்கு என் அம்மாவுக்கும் உண்டு. ஆனால் அது காத்திருப்பு, பயணத்தின் முடிவு அல்ல. அந்தக் காத்திருப்பையே முடிவாக்கிவிட்டால் பிறகு உயிர்த்தெழுதல் எதற்கு? ஆத்துமா உடம்பென்கிற சிறையிலிருந்து விடுதலையாகிறது என்பது கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ வழிவந்த போதனை. அதைக் கேட்டுப் பழகியவர்களிடம்தான் அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசினார். மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்றதும் சிலர் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்தும் பவுல் அதைச் சொன்னார்.

அவருக்குப் பின் வந்தவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. கி.பி. 160 வாக்கில் யுஸ்தீன் என்கிற இரத்தசாட்சி, டிரைபோ என்ற யூதரோடு நடந்த உரையாடலாக எழுதிய நூலில், மரித்தோரின் உயிர்த்தெழுதல் இல்லை, செத்தவுடன் எங்கள் ஆத்துமா பரலோகம் போய்விடும் என்று சொல்கிறவர்களைச் சந்தித்தால் அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்று எண்ணாதே என்கிறார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் அவர் கண்டித்த அதே வாக்கியம்தானே எங்கள் வீட்டுப் பந்தலில் ஆறுதலாகச் சொல்லப்பட்டது? கி.பி. 177-ல், இன்றைய பிரான்சிலுள்ள லியோன் பட்டணத்தில் விசுவாசிகளைக் கொன்ற பிறகு, உடல்களை ஆறு நாள் வெளியே போட்டு வைத்து, எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். இவர்கள் எழும்பிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று அந்தச் சபையின் கடிதம் சொல்கிறது. அந்தச் சபை எதை நம்பியது என்பது அதைக் கொன்றவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. ஆற்றில் கரைந்ததையும் கர்த்தர் எழுப்புவார் என்று நம்பித்தான் அந்தச் சபை நிலைத்தது. இடநெருக்கடியால் இன்று சென்னையில் மின்மயானத்துக்குப் போகிற குடும்பங்களுக்கும் இதைச் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது.

அந்த லியோனிலேயே பிறகு ஆயராக இருந்த இரேனியு, களிமண்ணைப் பிசைந்து மனிதனை உண்டாக்கிய கைகளுக்கு அதைத் திரும்ப எழுப்புவது கஷ்டமா என்று ஒரு புத்தகம் முழுக்க வாதாடுகிறார். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் ஊரைச் சேர்ந்த ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், மாம்சம்தான் இரட்சிப்பின் கீல் என்றார். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படி. ஞானஸ்நானத்தில் தண்ணீர் படுவதும், திருவிருந்தில் அப்பத்தைத் தின்பதும் இந்த உடம்புதானே என்று அவர் கேட்டது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. நீங்கள் மாதாமாதம் வந்து அம்மாவின் நாக்கில் அப்பத்தை வைத்தீர்களே. அதை எந்தச் சட்டைக்குக் கொடுத்தீர்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் இன்னும் ஒன்றைச் சொல்லாமல் நிறுத்த முடியவில்லை. ரோமாபுரிக்குச் சாகக் கொண்டுபோகப்பட்ட வழியில், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தியோகியா ஆயர் இக்னேஷியஸ் சிமிர்னா சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். இயேசு உயிர்த்தெழுந்த பிறகும் மாம்சத்தில்தான் இருந்தார், சீஷர்களோடு சாப்பிட்டார், குடித்தார் என்று அடித்துச் சொல்கிறார். அதே கடிதத்தில், இதை ஒப்புக்கொள்ளாதவர்களைப் பற்றி, அவர்களுக்கு விதவையைக் குறித்தும் அநாதையைக் குறித்தும் கவலையில்லை, கட்டுண்டவனைக் குறித்தும் பசித்தவனைக் குறித்தும் கவலையில்லை என்கிறார். உடம்பைத் தள்ளுகிறவன் உடம்புள்ள மனிதர்களையும் தள்ளிவிடுவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம்மையே பாருங்கள். சபையில் படுக்கையில் கிடக்கிறவர்கள் எத்தனை பேர், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கமிட்டியிலாவது கணக்கு இருக்கிறதா? கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்க எத்தனை லிட்டர் என்ற கணக்கு இருக்கிறது. ஆத்துமாவுக்குச் சாதி இல்லை என்று பிரசங்கம் பண்ணிவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் மட்டும் இந்தப் பக்கம் இன்னார், அந்தப் பக்கம் இன்னார் என்று பிரித்துப் புதைக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றைக்கும் இருக்கின்றன. உடம்பு எழும்பும் என்று உண்மையாகவே நம்பியிருந்தால் அந்தப் பிரிவினையை வைத்திருப்போமா? எழும்புகிற நாளில் பக்கத்தில் யார் எழும்புவார்கள் என்ற நினைப்பே நமக்கு இல்லை.

கி.பி. 260 வாக்கில் அலெக்சாந்திரியாவில் கொள்ளைநோய் வந்தபோது நடந்ததை அந்த ஊர் ஆயர் தியோனீசியு எழுதி வைத்திருக்கிறார். மற்றவர்கள் சொந்தக்காரரையே பாதி உயிரோடு தெருவில் தள்ளிவிட்டு ஓடினார்கள். விசுவாசிகளோ இறந்தவர்களைக் கையில் ஏந்தி, கண்ணை மூடி, வாயை மூடி, குளிப்பாட்டி, துணி சுற்றினார்கள். சீக்கிரமே அவர்களுக்கும் அதையே செய்ய வேண்டி வந்தது. கையில் ஏந்தி என்ற இடத்தில் அன்றைக்கு ராத்திரி நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். அம்மா பக்கத்தில் படுத்திருந்தாள், கை மூடியிருந்தது.

இதெல்லாம் ஜனங்களுக்குக் குழப்பம் என்கிறீர்களே. நம் ஊர்ச் சுவரொட்டியில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றுதானே போடுகிறோம்? நித்திரை என்றால் எழும்புவதற்குத்தான். கல்லறைக்குத் தூங்குமிடம் என்று பெயர் வைத்தவர்கள் ஆதிச் சபையார். என் அப்பா உபதேசியாராக இருந்தவர், எட்டாம் வகுப்புப் படிப்பு. எந்த அடக்கமானாலும் முதலாம் கொரிந்தியர் 15-ம் அதிகாரத்தின் 58 வசனத்தையும் முழுசாக வாசிப்பார். வெயில் ஏறுகிறது என்று யாராவது முணுமுணுத்தாலும் நிறுத்தமாட்டார். கேட்டவர்கள் பனை ஏறுகிறவர்களும் பீடி சுற்றுகிறவர்களும்தான். யாரும் குழம்பவில்லை. விதை என்றால் என்ன, முளை என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே தயவுசெய்து கேட்கிறேன். அடக்கத்தில் கூடு, சட்டை என்று சொல்வதை விட்டுவிட்டு, இந்தச் சரீரம் எழும்பும் என்று சொல்லுங்கள். ஈஸ்டர் அன்றைக்கு வியாபாரத்தையும் கடனையும் பற்றி ஜெபியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பிரசங்கத்தில் மரித்தோரின் உயிர்த்தெழுதலைச் சொல்லுங்கள். திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளுக்கு விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் பண்ண வைப்பதோடு நிறுத்தாமல் அந்த ஒரு வரிக்காவது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அழுகிறவர்களை அழ விடுங்கள். மரித்த லாசருவைக் கொஞ்ச நேரத்தில் எழுப்பப்போகிற இயேசுவே கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார்.

வருகிற பிப்ரவரியில் அம்மாவுக்கு வருஷ நினைவு ஆராதனை. கல்லறை கட்டி முடித்துவிட்டோம், கல்லில் எழுத்து வெட்டுவதுதான் பாக்கி. பெயர், பிறப்பு, இறப்புக்குக் கீழே 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்று மட்டும் வெட்டச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எங்கள் குருவானவரே வந்து ஜெபிக்க வேண்டும், வேறு யாரையும் கூப்பிடுகிற எண்ணம் எனக்கு இல்லை. முதலாம் கொரிந்தியர் 15-ம் அதிகாரத்தை 35-ம் வசனத்திலிருந்து கடைசிவரை வாசித்து, அதன்பேரில் ஐந்து நிமிடம் பேசுங்கள், ஐயா. பந்தல் பெரிதாகவே போடுகிறோம், வெயில் படாது.

இப்படிக்கு,
உங்கள் சபையைச் சேர்ந்த ஒரு மகள்