மகிழங்கன்றுக்கு வெட்டிய குழி

அன்புள்ள செல்விக்கு,

கோவை வீட்டின் முன்புறம் மகிழங்கன்று நடக் குழி தயார் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறபடி நெட்டிலிங்கம் வைத்தால் சீக்கிரம் மதிலைத் தாண்டிவிடும். ஆனால் அதனடியில் ஆள் உட்கார நிழல் விழாது. மகிழம் நின்று நிதானமாகத்தான் வளரும், விதையில் வந்த கன்று பூக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்றாலும், எந்தக் கோடையிலும் அது மொட்டையாக நிற்பதில்லை. விடியலில் உதிரும் பூ காய்ந்த பிறகும் மணக்கும்.

குழி இரண்டடி நீள அகலமும் இரண்டடி ஆழமும் இருக்கிறதா, சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கிறதா என்று அளந்து பார். மட்கிய தொழுவுரமும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் மண்ணோடு கலந்துகொள். பையைக் கிழித்துச் சுருண்ட வேரை மெல்லப் பிரித்துவிட்டு, ஐப்பசி மழை பிடிக்கும் முன்பே நட்டுவிடு. தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. அந்த இறுகிய மண்ணில் இரண்டடி தோண்டுவது ஒருத்தி தனியாகச் செய்யும் வேலையன்று. யார் வெட்டித் தந்தார்கள் என்று நீ சொல்லவில்லை. மாப்பிள்ளை அன்று ஊரில் இல்லையோ என்னவோ.

நம் குடும்பத்தில் தன் பெயரில் வீடு வாங்கிய முதல் பெண் நீதான் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் இரண்டு மாதமாக என்னிடம் கன்றைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை.

நானும் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். 2016 டிசம்பரில், வர்தா புயலில் நம் வீட்டு மகிழம் சாய்ந்துவிட்டது என்று சொன்னேனே, அது பொய். புயலில் முறிந்தவை இரண்டு கிளைகளே. கார் நிறுத்த இடம் வேண்டுமென்று உன் தம்பி கேட்டதும், ஆள் பிடித்து மரத்தை வெட்டச் சொன்னவள் நான்தான். மகிழடியில் சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுப் போன சுந்தரருக்குக் கண் போன கதையை உனக்குச் சொல்லி வளர்த்தவளும் நான்தான். ஒற்றியூர்க் கோயிலுக்குப் போனால் அங்குள்ள மகிழத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

முதல் இரண்டு கோடைக்கும் தென்னைநார் மூடாக்கு போடு. தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள். மாசியில் அந்தச் சத்தியத்தை நினைத்து ஒற்றியூரில் நடக்கும் மகிழடி சேவைக்கு வா. மாப்பிள்ளை வந்தால் வரட்டும். இல்லையென்றால் நீ மட்டும் வா.

இப்படிக்கு,
அம்மா