வாக்ஸஹாச்சியின் மூலைக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நலம், நலமறிய அவா. கண் அறுவைக்குப் பிறகு நீங்களே கைப்பட எழுதிய கடிதம் என்பதால் அதை இரண்டு முறை படித்தேன். மகன் கட்டப்போகும் வீட்டுக்கு ஈசானிய மூலையில் மனை முகூர்த்தம் செய்ய நாள் குறித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் வந்த வாரத்தில்தான் மகளும் மருமகனும் என்னை, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டாலஸுக்குத் தெற்கே முப்பது மைல் தொலைவிலுள்ள வாக்ஸஹாச்சிக்கு அழைத்துச் சென்றார்கள். எல்லிஸ் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) பழைய நீதிமன்றம் அங்கே இருக்கிறது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கேஸ்கட்டு சுமந்தவனுக்கு வேறு எதைக் காட்டுவார்கள்!

கட்டடம் இளஞ்சிவப்புக் கருங்கல்லாலும் செம்மணற்கல்லாலும் ஆனது. நடுவில் மணிக்கூண்டு. ஜே. ரைலி கார்டன் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. 1881இல் கவுண்டிகள் கடன்பத்திரம் வெளியிட்டு நீதிமன்றம் கட்டிக்கொள்ளலாம் என்று டெக்சஸ் சட்டம் இடம் கொடுத்ததும், பருத்திப் பணம் புரண்ட ஊர்கள் ஒன்றையொன்று மிஞ்சும்படி கட்டத் தொடங்கின. எல்லிஸ் அப்போது பருத்தியில் முன்னணிக் கவுண்டி. கார்டனின் சாமர்த்தியம் நடுவிலுள்ள படிக்கட்டுக் கூண்டில் இருக்கிறது. மூலை வாசல்கள் வழியே நுழையும் காற்று, வெப்பமானதும் கூண்டு வழியே மேலேறிக் கோபுரத்தால் வெளியேறிவிடும். மின்விசிறி இல்லாத காலத்துக் கோடை விசாரணைக்கு இது பெரிய வரம். நம் பழைய கோர்ட்டின் தகரக் கொட்டகையில் சாட்சிகள் வியர்த்து நின்றது என் நினைவுக்கு வந்தது. தூண்களின் உச்சியில் செதுக்கிய முகங்களைப் பற்றி ஒரு காதல் கதையும் சொல்கிறார்கள். நான் அதை நம்பவில்லை.

இக்கட்டடத்தின் மூலைக்கல் 1895 ஜூலை 4 அன்று நாட்டப்பட்டது. அந்நாளில் டெக்சஸின் நீதிமன்றங்களுக்குக் கல் நாட்டியவர்கள் பெரும்பாலும் பிரீமேசன்கள், சுருக்கமாக மேசன்கள்; கல்தச்சர் கருவிகளை அடையாளமாகக் கொண்ட ஒரு சகோதரச் சபையினர். ஆஸ்டினிலுள்ள மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் கல்லையும் 1885 மார்ச் 2 அன்று அவர்களே நாட்டினார்கள். வழக்கத்தின் வேர் வாஷிங்டனில் இருக்கிறது. 1793 செப்டம்பர் 18 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் மேசன்களின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நாடாளுமன்றக் கட்டடத்தின் மூலைக்கல்லை நாட்டி, அடியில் வெள்ளித் தகடு ஒன்றை வைத்தார். அதில் ஆண்டு 1793 என்பதோடு மேசன் கணக்கில் 5793 என்றும் பொறித்திருந்தது. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணுவதற்காக நாலாயிரத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கல் எங்கே இருக்கிறது என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. பிறகு ஐந்நூறு பவுண்டு எடையுள்ள காளையைச் சுட்டு விருந்து வைத்தது மட்டும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

சடங்கைக் கேட்டால் உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. கல் பொதுவாக வடகிழக்கு மூலையில்தான் அமர்கிறது. லாட்ஜில், அதாவது சபையின் கிளையில், புதிதாகச் சேர்பவரை நிறுத்துவதும் அம்மூலையில்தான். ஒளி வரும் கிழக்குக்கும் இருண்ட வடக்குக்கும் இடைப்பட்ட இடம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். மூன்று அதிகாரிகள் முறையே மூலைமட்டத்தாலும் ரசமட்டத்தாலும் தூக்குக்குண்டாலும் கல்லைச் சோதித்துச் சரி என்று அறிவிக்க, சபையின் தலைவரான கிராண்ட் மாஸ்டர் சுத்தியால் மூன்று முறை தட்டி, செழிப்புக்குத் தானியத்தையும் மகிழ்ச்சிக்குத் திராட்சை ரசத்தையும் சமாதானத்துக்கு எண்ணெயையும் கல்லின்மேல் சொரிவார். நவதானியமும் பாலும் தெளிக்கிற நமக்கு இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? நம் திருச்சிராப்பள்ளியிலேயே ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் இச்சபையில் சேர்ந்திருக்கிறார்.

ஆனாலும் வரிப்பணத்தில் எழும் நீதிமன்றத்துக்கு ஒரு ரகசியச் சபை கல் நாட்டுவது எனக்கு உறுத்துகிறது. 1826இல் நியூயார்க் மாநிலத்தின் பட்டேவியா ஊரில் வில்லியம் மார்கன் என்பவர் மேசன்களின் ரகசியங்களை அச்சிடப் போவதாக அறிவித்தார். சில டாலர் கடனுக்காக அவரைக் கனன்டைக்வா சிறையில் அடைத்தார்கள். யாரோ அந்தக் கடனைக் கட்டி வெளியே கொண்டுவந்து வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். அதன்பின் அவரைக் கண்டவர் இல்லை. பிணம் கிடைக்காததால் கொலை நிரூபணமாகவில்லை. நயாகரா கவுண்டியின் ஷெரீப், அதாவது காவல் தலைவர், ஈலை புரூஸே சதிக்குற்றத்துக்காக 28 மாதம் சிறையிலிருந்தார், அவரும் மேசன். ஷெரீப் ஒரு சபையின் சகோதரர், ஜூரியில் சில சகோதரர்கள் என்றால் வழக்கு எப்படி நடக்கும் என்று மக்கள் கேட்டார்கள். அக்கோபத்தில் பிறந்த மேசன் எதிர்ப்புக் கட்சி 1832 குடியரசுத் தலைவர் தேர்தலில் வெர்மான்ட் மாநிலத்தையே வென்றது. கோபம் அடங்கிய பிறகு லாட்ஜுகள் மீண்டும் தழைத்து, ஊர்வலத்தோடு கல் நாட்டின. அச்சபையில் பெண்களுக்கு இடமில்லை. கறுப்பின மக்கள் பிரின்ஸ் ஹால் என்பவரின் பெயரால் தனிச் சபை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நீதிமன்றத்துக்கு உள்ளே ஜூரி இருக்கையில் பெண் அமர டெக்சஸ் 1954 வரை காத்திருந்தது. கல்லைச் சோதிக்கும் அந்த மூன்று கருவிகளும் நீதிமன்றத்துக்கு ஏற்றவைதான். பிடித்திருந்த கைகளைப் பற்றித்தான் என் மனத்தாங்கல்.

முக்கியமான ஒன்று. கடைக்காலில் நவரத்தினத்தோடு வேறு என்ன வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இங்கே மூலைக்கல்லுக்குள் பெட்டி வைத்து அன்றைய செய்தித்தாளும் நாணயங்களும் போடுவார்கள். நீங்களும் அன்றைய நாளிதழை வையுங்கள். ஆனால் நூறாண்டு கழித்துத் திறந்த பெட்டிகள் பலவற்றில் ஈரம் புகுந்து காகிதம் கூழாகிவிட்டதாம். ஆகவே பித்தளைப் பெட்டியின் மூடியை ஈயம் பற்றவைத்து அடைக்கச் சொல்லுங்கள். கொத்தனார் சிரிப்பார், பொருட்படுத்த வேண்டாம். முகூர்த்த நாளை எழுதுங்கள். அதற்குள் ஊர் திரும்பப் பார்க்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய சிரஸ்தார்