ஆடியில் நீ வரும்போது ஓடக்கூடிய வழிகள்

திருகோணமலை

அன்பின் நண்பா,

நலம், உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். ஆடி மாதம் ஊருக்கு வரும்போது தார் வீதியை விட்டு இறங்கி நாட்டுப்புறப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட வேண்டும், ஆனால் சட்டத்துக்கு மாறாக ஓரடியும் போகக்கூடாது என்று எழுதியிருந்தாய். கோணேசர் கோவில் ஏற்றத்தில் ஒரே சைக்கிளில் மூவரை ஏற்றிய நீயா இதைக் கேட்கிறாய் என்று சிரித்துக்கொண்டேன்.

இங்கிலாந்தில் நடைபாதை எது, குதிரைப் பாதை எது, எல்லா வாகனங்களுக்கும் உரிய பாதை எது என்பதை உள்ளூராட்சி சபையின் சட்ட வரைபடம் பார்த்தே அறியலாம் என்றும், பதிவாகாத பழைய பாதைகள் பலவற்றில் மோட்டார் வாகன உரிமையை 2006ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது என்றும் எழுதியிருந்தாய். இங்கே நில அளவைத் திணைக்களத்தின் வரைபடம் பாதை இருப்பதைக் காட்டும். அதில் ஓடலாமா என்பதைச் சொல்லாது. ஆகவே பாதை யாருடையது என்று விசாரிப்பதே முதல் வேலை. பிரதேச சபையின் கிறவல் வீதியானால் வண்டியின் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் தலைக்கவசமும் போதும். உனது பிரித்தானியச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே செல்லாது என்பதால், அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள். வன இலாகாவின் ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதியின்றி இறங்காதே. கவுடுல்ல போன்ற தேசிய பூங்காக்களுக்குள் மோட்டார் சைக்கிளுக்கு இடமே இல்லை.

சிக்கலானவை வாய்க்கால் கட்டுகள்தான். சென்ற கார்த்திகையில், கந்தளாய்ப் பக்கம், ஊரார் எல்லோரும் போகிறார்களே என்ற துணிவில் ஈரக் கட்டொன்றின் மேல் ஏறிவிட்டேன். வயலில் நின்ற முதியவர் ஒருவர் மறித்து, டயர் பதிந்த தடத்தில் மழைநீர் தேங்கி, வழிந்து, கட்டையே அரித்துவிடும் என்பதைத் தம் மண்வெட்டியால் மண்ணைக் கீறிக் காட்டினார். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து ஊர்கள் அழிந்ததை அறிந்தவருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? வண்டியை உருட்டிக்கொண்டே திரும்பினேன். அன்றுமுதல், கட்டுப் பாதையானால் நீர்ப்பாசன அலுவலகத்திலோ கமக்காரர் அமைப்பிலோ கேட்காமல் ஏறுவதில்லை, மாரியில் கேட்டும் ஏறுவதில்லை.

நீ வரும் காலம் நல்ல வெயிற்காலம். உப்புவெளியிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாகத் திரியாய் வரை கரையோர வீதியில் போய், அங்குள்ள கிராம உத்தியோகத்தரைக் கேட்டுக்கொண்டு உள்வீதிகளில் இறங்கலாம் என்று நினைக்கிறேன். பொழுது சாய்ந்தால் யானை இறங்கும். நான்கு மணிக்கே திரும்பிவிட வேண்டும், இதில் உன் பிடிவாதம் செல்லாது.

என் ஹொண்டாவுக்குப் பின் டயர் மாற்ற வேண்டியிருக்கிறது. வரும் திகதியை எழுது, அதற்குள் மாற்றிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்