உயிரியல் பாடநூல்களை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கும் மேலாய்வாளர்களுக்கும் வணக்கம்.

ஆண்-பெண் சேர்க்கையின்றி நிகழும் பாலிலா இனப்பெருக்கத்தில் தோன்றும் சேய் உயிரிகள் தாயை முற்றிலும் ஒத்தவை என்றும், ஆகவே அவற்றிடையே மரபு வேறுபாடு தோன்றுவதில்லை என்றும் பாடநூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன. முதல் பகுதியைத் தோராயமாக ஏற்கலாம். இரண்டாம் பகுதி தவறு. அதை மனப்பாடம் செய்த மாணவருக்கு, ஆண்டிபயாட்டிக்குக் கட்டுப்படாத பாக்டீரியா எப்படி உருவாகிறது என்பதை விளக்க வழியே இல்லாமல் போகிறது.

டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது நேரும் பிழைகளில் மிகப் பெரும்பாலானவற்றைச் செல்லே திருத்திவிடுகிறது. தப்பிப் பிழைப்பவை சடுதிமாற்றங்களாக நிலைக்கின்றன. டிஎன்ஏவில் ஏறத்தாழ 46 லட்சம் கார இணைகளை (டிஎன்ஏ ஏணியின் படிகளை) கொண்ட ஈ. கோலை பாக்டீரியாவில், சுமார் ஆயிரம் செல்பிரிவுகளுக்கு ஒரு சடுதிமாற்றமே நேர்கிறது. அரிதுதான்; ஆனால் நன்கு வளர்ந்த திரவ ஊடகத்தின் ஒரு மில்லிலிட்டரில் 100 கோடி செல்கள் வரை இருக்கக்கூடும் என்பதால், கடைசித் தலைமுறையில் மட்டுமே பல லட்சம் புதிய மாற்றங்கள் அதில் சேர்ந்திருக்கும்.

1943இல் அறிவியலாளர்கள் சால்வடோர் லூரியாவும் மேக்ஸ் டெல்புரூக்கும் செய்த சோதனையை மாணவர்களுக்கு அவசியம் காட்ட வேண்டும். தனித்தனிக் குழாய்களில் வளர்த்த பாக்டீரியாவை அவர்கள் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் பூசிய தட்டுகளில் பரப்பினார்கள். எதிர்ப்புத்திறன் வைரஸைச் சந்தித்த பிறகு உண்டாவதாயின் எல்லாத் தட்டுகளிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில், தப்பிய பாக்டீரியாவின் கூட்டங்கள் முளைத்திருக்க வேண்டும். மாறாக, பல தட்டுகள் வெறுமையாக இருக்க, ஒன்றில் மட்டும் நூற்றுக்கு மேல் முளைத்தன. மாற்றம் வைரஸ் வருவதற்கு முன்பே, ஏதோ ஒரு தலைமுறையில் தற்செயலாக நிகழ்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சடுதிமாற்றம் மட்டுமல்ல; பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையம் வழியாகவும், வைரஸ் வழியாகவும், இறந்த செல்லின் டிஎன்ஏவை உள்ளிழுத்தும் பிற செல்களின் மரபணுக்களைப் பெறுகின்றன. பதியம் போட்டு வளர்க்கும் தாவரங்களிலும் ஒரே கிளையில் மொட்டுச் சடுதிமாற்றம் தோன்றிப் புதிய ரகமாவது உண்டு. குன்றல்பகுப்பும் (பாலணுக்களை உண்டாக்கும் செல்பிரிவு) கருவுறுதலும் தரும் மரபணு மறுசேர்க்கை இவற்றுக்கு இல்லை என்பது உண்மையே. அதனால் நல்ல மாற்றங்கள் ஓர் உயிரியில் ஒன்றுசேரத் தாமதமாகலாமே தவிர, வேறுபாடே இல்லை என்றாகாது.

எனவே, அடுத்த பதிப்பில் 'வேறுபாடு தோன்றுவதில்லை' என்பதை நீக்கி, 'சடுதிமாற்றத்தாலும் மரபணுப் பரிமாற்றத்தாலும் வேறுபாடு தோன்றுகிறது' என்று எழுதுமாறும், லூரியா, டெல்புரூக் சோதனைத் தட்டுகளின் படத்தை அதனருகே அச்சிடுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்